பத்து மாதம்

ஆறாவது வாரப் பாடம்: உழைப்பின் மாண்பு.
சங்கம் சேர்வது தொழிலாளியின் இயல்பான உரிமை என்று
திருச்சபை எப்போதோ சொல்லிவிட்டதை
மணிக்கு இவ்வளவு ராண்ட் என்ற கணக்கில்
அறுபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
பின்வரிசையில் ஒருத்தி கை தூக்கினாள்.
"மேடம், உங்களுக்குச் சங்கம் இருக்கா?"
மணி அடித்துவிட்டது.
அடிக்காமல் இருந்திருந்தாலும்
என்னிடம் பதில் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், பனி இறங்கும் சரிவில்,
தூய பெர்பெத்துவா பெயரில் எங்கள் பல்கலைக்கழகம்.
பெர்பெத்துவா என்றால் நிரந்தரமானவள் என்பாள்
லத்தீன் நடத்தும் லுங்கிலே.
இந்த வளாகத்தில் நிரந்தரம் அவள் ஒருத்திதான்,
அவளும் பளிங்கு.

பிப்ரவரியில் ஒப்பந்தம், நவம்பரில் முடிவு.
பத்து மாதம் சுமக்கிறோம்.
பதினொன்றாம் மாதம்
மடியும் காலி, வங்கிக் கணக்கும் காலி.
எனக்கு இது ஒன்பதாவது.

என் அலுவலகம் பழைய டொயோட்டாவின் டிக்கி:
விடைத்தாள் கட்டு, குடை, மாற்றுச் செருப்பு,
பாதி தின்ற சமோசாப் பொட்டலம்.
சந்தேகம் கேட்கும் பிள்ளைகளை
மூன்றாம் விளக்குக் கம்பத்தருகே வரச்சொல்வேன்.
திருத்துவதற்குக் காசு கிடையாது.
நிற்பதற்கு மட்டும், அதுவும் கரும்பலகை முன்னால்.

டீன் ஃபாதர் கோர்மன் நல்லவர். அதுதான் சங்கடம்.
அப்பா இறந்தபோது நார்த்டேல் வரை வந்து
ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நின்றவர்.
"நாமெல்லாம் ஒரே குடும்பம், சரோஷினி,
குடும்பத்துக்குள் சங்கம் எதற்கு?"
என்று தேநீர் ஊற்றினார்.
குடும்பத்தில் டிசம்பரிலும் சோறு போடுவார்கள், ஃபாதர்.
இது எனக்கு வந்தது
படி இறங்கிய பிறகு.
அங்கே பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

எண்பத்திரண்டு பேர் நாங்கள்.
பாதிக்கு மேல் கையெழுத்து வேண்டும்.
கேட்டில் காவலிருக்கும் சிம்பிவேயிடம்
படிவத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன்.
அவர் சட்டைப் பையிலிருந்து தன் சங்க அட்டையை எடுத்தார்.
பன்னிரண்டு வருடம் பழையது,
ஓரம் நைந்து, வியர்வையில் பழுத்து.
"டாக்டர்," என்றார், "நீங்கள் எல்லாம் இப்போதுதானா?"

வியாழன் மாலை லுங்கிலேயின் கார் பானெட்டின் மேல்
படிவங்கள், காற்றுக்குப் பறக்காமல் ஒரு லத்தீன் அகராதி.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
இசை நடத்தும் பெண் கைக்குழந்தையோடு வந்து
இடக்கையால் போட்டாள். நாற்பது.
ஏழு மணிக்கு லோட் ஷெடிங்.
மலை மொத்தமும் அணைந்தது, பெர்பெத்துவாவும்.

அப்போது எதிர்வரிசையில்
ஒரு கார் கண் திறந்தது.
கணிதம் நடத்தும் சக்ரேன்.
அவருக்கு நிரந்தர வேலை தருவதாக வாக்கு,
நான்கு வருடமாக.
கையெழுத்துக் கேட்டு மூன்று முறை போனேன்,
மூன்று முறையும் வானிலை பற்றிப் பேசினார்.
இப்போதும் இறங்கவில்லை.
கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.
முகப்பு விளக்குகளை எரியவிட்டு
ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.
அந்த வெளிச்சத்தில் ஒருவர் பெயரெழுதி முடித்தார்.
நாற்பத்தொன்று.
சரிபாதி. சட்டத்துக்குப் போதாது.

நாங்கள் கலைந்தபோது
அவர் சாவியைத் திருப்பினார்.
கரகரவென்று ஒரு இருமல், பிறகு அதுவும் இல்லை.
முக்கால் மணி நேரம் எங்களுக்காக எரிந்த பேட்டரி.
யாரும் எதுவும் பேசவில்லை.
லுங்கிலே செருப்பைக் கழற்றினாள்.
குழந்தையை சிம்பிவே வாங்கிக்கொண்டார்.
பதினோரு பேர் பின்னால் நின்று தள்ளினோம்,
முனைவர் பட்டம் ஆறு, மூட்டுவலி இரண்டு.
சரிவு பிடித்துக்கொண்டது.
உறுமியது.

நிற்காமல் போகிறார் என்றுதான் நினைத்தேன்.
ஒரு கையில் குழந்தையோடு சிம்பிவே
தடுப்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.
வழி திறந்தே இருந்தது.
கேட்டருகே பிரேக் விளக்கு சிவந்தது.
சிவந்தபடியே நின்றது.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்க
நான் கைப்பைக்குள்
பேனாவைத் தேடத் தொடங்கினேன்.