வெறுஞ்சட்டை

ஒரு நிமிடப் பேச்சுக்கு ஒன்பது ரூபாய்.
காதில் வாங்கி எழுத்தாக்கித் தர வேண்டும்.
இந்த வாரம் வந்தது
ஸ்காட்லாந்து ராஜாக்கள், பதினோரு மணி நேரம்.
பேராசிரியருக்கு வயதாகிவிட்டது, இருமுகிறார்.
அவருடைய 'ர' எல்லாம் நம் 'ற'.
முதல் நாள் ஒன்றும் பிடிபடவில்லை.
மறுநாள், மீன் ஏலத்தில் வளர்ந்த காது
தானாகத் திறந்துகொண்டது.

மால்கம் என்று நாலு பேர், டங்கன் ரெண்டு.
அண்ணன் போனால் தம்பி, தம்பியை வெட்டினால் பங்காளி.
பங்காளி என்று அவர் சொல்லவில்லை,
அது என் வாய்.
ஒரு கல் இருந்ததாம்.
அதில் உட்கார்ந்தால்தான் ராஜா.

மூன்றாம் அலெக்சாந்தர் வரும்போது ராத்திரி மணி இரண்டு.
கீழே காசிமேட்டுக்கு ஐஸ் வண்டிகள் போகின்றன.
அங்கே மார்ச் மாதம், புயல்.
சபை கலைந்து, குடித்து முடித்த ராஜாவுக்கு
அக்கரையில் விட்டுவந்த பெண்டாட்டி நினைப்பு.
கல்யாணமாகி ஐந்து மாதம்கூட இல்லை.
படகோட்டி வேண்டாம் என்றானாம்.
பயமா என்றானாம் ராஜா.
படகோட்டியின் பதிலை
மரியாதையான இங்கிலீஷில் அடித்துவிட்டேன்.
எனக்குக் கேட்டது இப்படி:
"உங்கூட சாவறதுக்கு இன்னா பயம் ராசா,
உங்கப்பன் சோறு துன்ன கை இது."

அக்கரை சேர்ந்தான். குதிரை ஏறினான்.
விடிந்தபோது கடற்கரையில் கிடந்தான், கழுத்து முறிந்து.

தண்ணீர் குடித்தேன்.

போன மார்ச்சில் தேசப்பன்.
எண்ணூர் சாலை, விளக்கில்லாமல் நின்ற கண்டெய்னர்,
வண்டி ஹாண்டிலில் பிரியாணிப் பொட்டலம்.
அது மட்டும் நசுங்கவில்லை.

ராஜாவுக்கு மிஞ்சியது ஒரே பேத்தி, நார்வேயில்.
ஏழு வயதில் கப்பலேற்றினார்கள்.
நாட்டைப் பார்க்காமலே செத்தாள்.
தேசப்பன் பேத்தி போர்ட் பிளேரிலிருந்து வந்தாள்.
மூன்று நாள் வாந்தி, அவ்வளவுதான்.
தாத்தாவின் விசைப்படகில் ஏறி
ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள்.
யாரும் அவளைக் கணக்கில் எடுக்கவில்லை.

அங்கே உரிமை கேட்டவர்கள் பதிமூன்று பேர்.
இங்கே எண்ணிப்பார்த்தேன், ஒன்பது.
நியாயம் சொல்ல ஐஸ் கம்பெனி துளசிங்கத்தைக் கூப்பிட்டார்கள்.
அவர் முதலில் ஒரு தாளை நீட்டினார்:
நான்தான் பெரியவன் என்று
எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

எட்வர்டும் இதைத்தான் கேட்டான்
என்று அடிக்கும்போது
விரல் ஒருமுறை தப்பியது.

எட்வர்ட் தேர்ந்தெடுத்த ராஜா
நாலு வருஷம் தாங்கினான்.
அப்புறம் அவன் அங்கியில் தைத்திருந்த சின்னத்தைப்
பிய்த்து எறிந்தார்கள்.
வெறுஞ்சட்டை என்றே ஊர் கூப்பிட்டதாம் அவனை.

துளசிங்கம் கைகாட்டியது நாகமுத்துவை.
எட்டே மாதம். டீசல் பாக்கி, ஐஸ் பாக்கி, வட்டி.
படகின் நெற்றியில் இருந்த 'தேசப்பன் துணை'யைச்
சுரண்டி எடுத்தார்கள்.
அதே எழுத்து அச்சடித்த பனியனோடு
இன்னமும் நாகமுத்து டீக்கடையில் நிற்கிறான்.
துவைத்துத் துவைத்து 'துணை' மட்டும் தெரிகிறது.

போகும்போது எட்வர்ட்
அந்தக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனான்.
தன் நாற்காலிக்கு அடியில் வைத்தான்.
திரும்பி வர எழுநூறு வருஷம்.
நாட்டை எடுத்தவனுக்குக் கல் எதற்கு?
பேராசிரியரும் சரியாகச் சொல்லவில்லை.

எங்கள் கரையில் கல்லுக்குப் பஞ்சமில்லை.
அலை அரிக்காமலிருக்க லாரி லாரியாகக் கொட்டியது.
அதில் ஒன்றில் சாயங்காலம்
அஞ்சலாட்சி உட்கார்ந்திருப்பாள்,
துறைமுகத்துக்கு முதுகு காட்டி.
தேசப்பன் பெண்டாட்டி.
அந்தக் கல்லை யாரும் கேட்கவில்லை.

விடிந்ததும் அந்த ராணியிடம் யார் போய்ச் சொன்னார்கள்,
அவள் என்ன செய்தாள்?
அந்த இடத்தில் பேராசிரியர் இருமுகிறார்.
நேரம் போட்டு, தெளிவில்லை என்று அடிக்க வேண்டும்.
அதுதான் விதி.
மூன்று தரம் பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
ஓட்டிக் கேட்பதற்குக் காசு கிடையாது.