இரண்டு விரற்கிடை

ஜாலான் புசார் இரும்புக்கடையில்
கேபிள் டை ஐம்பது கேட்டேன், இருப்பதிலேயே அகலமானது.
"ஏர்கான் குழாய் கட்டவா?" என்றார் கோ.
"இல்லை அங்கிள், ஒரு நீதிபதியின் மனைவியை."
சிரிக்காமல் ரசீது எழுதினார்.

திமிங்கிலம் கிடைக்காது.
கிடைத்தாலும் அது எலும்பில்லை,
கடலை வடிகட்டும் வாய்ச்சீப்பு.
உடம்புச் சூட்டில் இளகி
அந்த உடம்பின் வளைவாகவே நின்றுவிடும்.
நைலானும் ஏறக்குறைய அப்படித்தான்.
தலையை வெட்டு, முனையை மெழுகுவத்தியில் காட்டி மழுக்கு.
இல்லாவிட்டால் இரண்டாம் நாள்
துணியைக் கிழித்து விலாவைத் தேடும்.

நம் புலவர்கள்
ஒரே உவமையில் இடையை இல்லாமல் செய்தார்கள்.
மின்னல் என்றார்கள், கொடி என்றார்கள்,
கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள்.
எனக்குப் பன்னிரண்டு துண்டு வேண்டியிருந்தது.

அரபு ஸ்திரீட்டில் எடுத்த தடித்த ட்ரில் துணி.
இழை நேராக நிற்க வேண்டும்,
இழை கோணினால் அணிபவளும் கோணுவாள்.
இரண்டு தையலுக்கு நடுவே ஒரு சந்து,
சந்துக்கு ஒரு நைலான்.
இடைக்கோட்டில், உள்பக்கம், ஒரு நாடா:
இழுப்பை எல்லாம் தாங்குவது அதுதான்,
வெளியே தெரியவே தெரியாது.
முன்னால் இரும்புப் பட்டை, ஐந்து கொக்கி.
பின்னால் பித்தளைக் கண்கள், இருபத்தாறு.
முதுகில் இரு விளிம்பும் முட்டக் கூடாது,
இரண்டு விரற்கிடை விட வேண்டும்.
மூச்சுக்காக என்று நினைத்திருந்தேன்.
இல்லை. துணி நெகிழ நெகிழ
இன்னும் இறுக்குவதற்கு.

நிரோஷினிக்கு இருபத்திரண்டு இடத்தில் அளவெடுத்தேன்.
பகலெல்லாம் தோ பாயோ பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை,
மாலை ஆறரைக்கு 1887.
"சாப்பிட்டுட்டு வந்துட்டேன்க்கா" என்பாள், குற்றவாளிபோல.
அவளுக்கு ஒரு நீளமான கட்டளை உண்டு.
வெள்ளித் தட்டு, கொசுவலை, குளியல் நீர்,
வாசலில் நிற்கும் ஆள் என்று ஒரே மூச்சில் போகும்.
ஆயாவுக்கு வசனமே இல்லை.
பின்னால் நின்று கயிற்றை இழுக்க வேண்டும், அவ்வளவு.
ஆயா, அமலோற்பவம். இருபது வருடம் பஸ் ஓட்டியவர்.

மூன்றாம் ஒத்திகை. அலிவால் ஸ்திரீட், மாடி அறை.
"வாசலில் நிற்கிற அந்த ஆளை" என்று வந்தபோது
அமலோற்பவம் ஓர் அங்குலம் கூடுதலாக இழுத்தார்.
வாக்கியம் நின்றது.
"அந்த ஆளை..."
அடித்து விரட்டச் சொல்லும் சொல்லுக்கு
உள்ளே காற்றில்லை.
மூச்சு மேலேறிக் கழுத்தெலும்பில் முட்டியது.
வாய் மட்டும் திறந்திருந்தது.

ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது.
"தெரிஞ்சுதான் இழுத்தீங்களா?" என்று கேட்டார் இயக்குநர்.
"மஞ்சள் விளக்கு விழுந்துச்சு, பிரேக் போட்டேன்."
பிரதியில் அந்த வினைச்சொல்லின் மேல்
பென்சிலால் ஒரு கோடு போட்டோம்.
ஒன்பது இரவும்
அது வராத இடத்தில் அரங்கம் மூச்சைப் பிடித்தது.

கடைசி நாள் கொக்கிகளைக் கழற்றினேன்.
உள்ளே வியர்வையின் உப்புக் கோடு.
இரும்புப் பட்டையில் இந்த ஊர்க் காற்று
அதற்குள் துருவேற்றியிருந்தது.
நிரோஷினி வயிற்றைச் சொறிந்துகொண்டே
மீ கோரெங் சாப்பிடக் கிளம்பினாள்.
அமலோற்பவம் பெட்டிமேல் உட்கார்ந்து
பல்லால் பிளாஸ்டரைக் கிழித்தார்.
கயிறு ஓடிய தடம்,
கைக்கு இரண்டு விரல், தோல் உரிந்து.

நான் அளவெடுக்காத இடம்.