இடப்பக்கப் பை

மாடிப்படிக்குக் கீழே மூன்றாம் இலக்க அறை.
திறப்பு என்னிடம்.
இரும்பு அலுமாரிக்குள் உபவேந்தரின் சிவப்பு அங்கி
பூச்சி உருண்டை மணக்கத் தொங்கும்,
வருடத்தில் ஒரு நாள் தவிர.

மேலே நடைக்கூடத்தில் படங்கள் இருக்கின்றன,
வந்த திகதி, போன திகதி, பித்தளையில்.
எனக்குத் துணி போதும்.
எல்லாவலவுக்காக இடுப்பில் மூன்று அங்குலம் விரித்தோம்.
பிறகு பிடித்தோம்.
பொரளைத் தையல்காரர் முகைதீன்
இரண்டுக்கும் ஒரே காசுதான் வாங்கினார்.
பதினொரு மாதமே இருந்த வெத்தசிங்கவின் வியர்வை
கழுத்துப்பட்டியை விட்டு இன்னும் போகவில்லை.
நெலும்தெனிய வந்தபோது
முதற்பெண் என்று பேப்பர்கள் எழுதின,
நான் கைநீளத்தைக் குறைக்கக் கொடுத்தேன்.
அடுத்து வந்தவர்
மணிக்கட்டுத் தெரியத் தெரிய
நான்கு வருடம் பட்டம் கொடுத்தார்.
கவனிக்கவேயில்லை மனிதர்.

விழா நாளில் கண்டிய மேளம் முன்னே போகும்,
செங்கோலோடு சில்வெஸ்டர்,
புதுச் சப்பாத்து கடிக்க, முகத்தில் காட்டாமல்.
வரவேற்பு மும்மொழியிலும்.
தமிழ் கடைசியாக, கொஞ்சம் அவசரமாக.
யோகேஸ்வரனை மூன்று துண்டாக முறித்து வாசிப்பார்கள்;
பிள்ளை சிரித்துக்கொண்டே மேடையேறும்.

பழைய பதிவேட்டில் இரண்டு வருடங்களுக்கு எதிரே
'விழா நடைபெறவில்லை.'
காரணம் என்ற கட்டத்தில் ஒரு சிறு கோடு.

மூன்றாம் வருடம் நடந்தது. நல்ல மழை.
கொடமுன்ன எட்டுப் பக்கம் பேசினார்.
தட்டச்சு செய்தது ஒன்பது என்று
கந்தோரில் எல்லாருக்கும் தெரியும்.
பின்னேரம் அங்கியை வாங்கி உதறினேன்,
இடப்பக்கப் பைக்குள் நாலாய் மடித்தபடி
அந்தப் பக்கம்.
இருபத்தாறு பெயர்கள், பீடவாரியாக, சுட்டெண்ணோடு,
சிங்களப் பெயரும் எங்கள் பெயரும் கலந்து.
ஓரத்தில் பென்சிலால்:
'இங்கே சற்று நிறுத்தவும்.'

பதிவாளரிடம் கொடுத்திருந்தால் கோப்புக்குள் போயிருக்கும்.
வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம்.
சலவைக்கு அனுப்புமுன் எடுப்பேன்,
வந்ததும் திருப்பி வைப்பேன்.
அவ்வளவுதான் என் துணிச்சல்.

அதன்பிறகு ஆறு பேர்.
மேடையில் கைக்குட்டை தேடி ஒவ்வொருவரும்
அந்தப் பைக்குள் கைவிட்டதை
பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.
ஒருவர் டொபித்தாளையும் சேர்த்து வைத்தார்.
ஒருவர் கேட்டார், 'இதென்ன?'
'தெரியாது சேர்' என்றேன்.
அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

போன வருடம்
நாலாய் மடித்துக் கொடுத்தது
இரண்டாய் மடித்து வந்தது.
விரித்தேன்.
இருபத்தேழாவதாக ஒரு பெயர், பச்சை மையில்.
சுட்டெண் இல்லை. பீடம் இல்லை.
எனக்குத் தெரியாத பெயர்.

புதியவர் நல்ல உயரமாம்.
வியாழக்கிழமை அளவெடுக்கிறோம், கீழோரத்தை இறக்கவேண்டும்.
முகைதீனின் மகனிடம் சொல்லிவிட்டேன்,
பையைத் தொடவேண்டாம் என்று.