மூன்றில் ஒரு பங்கு

மருந்துச் சீட்டில் எழுதி வைத்திருந்தார் உமையாள் டாக்டர்:
ஞாயிறுக்கு மூன்றில் ஒரு பங்கு மணல்.
கறுப்பைக் கலக்காதே.
பழைய மணலில் ஒரு டம்ளர் எடுத்து வை.
சாப்பாட்டுக்கு முன், பின் என்று மட்டும் போடவில்லை.

தேவகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை
யாருக்கும் பல் வலிப்பதில்லை.
துளைக்கிற மிஷின் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.
காத்திருப்போர் பெஞ்சுக்கு எதிரே
அறுபது லிட்டர் கடல்.
அதுவும் நானும்.

நான் தொண்டிக்காரி.
மணலைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று
அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
கூரியரில் வந்தது, ஐந்து கிலோ, வெள்ளை.
கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.
தரைக்கல்லே கப்பலேறி வந்த ஊரக்கா இது
என்றான் கொண்டுவந்த பையன்.
எங்கள் வீட்டில் மணல் என்றால் உதறுவது,
பாயிலிருந்து, பாவாடையிலிருந்து.
இங்கே அரிசி களைவதுபோல்
பதினொரு தண்ணீர் களைந்தேன்.
கழுநீர் தெளியவே இல்லை.

குழாய் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன்.
உப்பு.
ஒரு மணி நேர பஸ் தூரத்தை
நாக்கு டிக்கெட் எடுக்காமல் கடந்தது.
துப்பிவிட்டு,
நோயாளிகள் கொப்பளிக்கும் அதே பேசினில்
கொப்பளித்துக்கொண்டேன்.

மேலே வெள்ளை, நடுவே பழுப்பு,
அடியில் அந்தக் கறுப்பு.
சொத்தையும் இப்படித்தான், வெளியே தெரியாது.
கலக்காதே என்றால் கை கேட்கிறதா,
அழுகிய முட்டை வாடை ஒரு முறை வந்து போனது.
ஊசியைப் பார்த்த பிள்ளைகளின் வாய்போல
பச்சைப் பொத்தான் பவளங்கள் ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டன.
நாள் முழுக்க மணலை அள்ளி, சலித்து,
செவுள் வழியே விடுகிற கோபி மீன்
தன் இலையிலிருந்து
நான் சோற்றை வாரி வாளியில் போடுவதைப்
பாறை மறைவிலிருந்து பார்த்தது.

அப்போதுதான் வந்தது,
குழாயில் டிக் என்று ஒரு சத்தத்தோடு.
சோழியா, உடைந்த கிளிஞ்சலா?
ஊதாப் பாசி கல்லாய்ப் படர்ந்து, ஓரம் மட்டும் வெள்ளை.
நாலு வருடமாய் டோக்கன் கொடுக்கிறேன்,
இதில் ஏமாற மாட்டேன்:
கீழ்த்தாடை, முன்பல், பால்பல்.

தேனப்பன். அன்று அவனுக்கு ஆறு வயது.
பிடுங்கிய பல்லைக் கையில் கொடுத்தோம்,
ஐந்து நிமிடத்தில் காணோம்.
முழுங்கிட்டேன் என்றான்.
அவன் அம்மா இரண்டு நாள் வாழைப்பழமாய்க் கொடுத்துவிட்டு
மூன்றாம் நாள் போன் செய்தார்:
இன்னும் வரலையே பெனடிக்டா.

கிளம்பும்போது கண்ணாடியில் மூக்கை அழுத்தி
மீனுக்குப் பல் இருக்கா என்று கேட்டான்.
இல்லைடா என்று சொன்னவள்
நான்தான்.

சீட்டில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் ஒரு வரி: பழையதைக் கடலில் கொட்டாதே,
செடிக்கும் போடாதே.
பூச்சுக்கு ஆகுமா என்றார் வாட்ச்மேன் சேவுகன்.
கம்பி துருப்பிடிக்கும் என்றேன்.
வாளி பாத்ரூம் மூலையில் நிற்கிறது,
எந்த ஊரிலும் இடமில்லாத கரை.

பிளாஸ்டிக் குழாய் வழியே புது மணலை மெதுவாக இறக்கினேன்.
தொட்டி மொத்தமும் கஞ்சியானது.
மேலே பழைய மணல் டம்ளரைக் கவிழ்த்தேன்,
பல்லும் அதிலேயே இருந்தது.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
பேட்டரிப் பம்பு தன்பாட்டுக்குக் குமிழி விட,
ஒன்றும் தெரியாத வெள்ளையின் முன்
பெஞ்சில் உட்கார்ந்தேன், டோக்கன் இல்லாமல்.

மூன்று மணிக்குப் பாறையின் ஓரம் தெரிந்தது.
பிறகு ஹீட்டர். பிறகு கோபியின் முகம்.
அது இறங்கி வந்து
வாய் நிறையப் புது மணலை அள்ளியது.
அப்படியே வைத்திருந்தது.
துப்பியது.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.