எனக்கு வந்த பங்கு

மாயழகு சித்தப்பாவின் பதினாறாம் நாள் முடிந்து
பங்கு பிரித்தபோது
பசு யாருக்கென்று சண்டை.
ரேடியோவை யாரும் கேட்கவில்லை.
ஆகவே எனக்கு.

பின்பலகையைக் கழற்றினால் எலிக்கூடு:
கம்பளி நூல், தேயிலைத் தூள்,
மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டின் ஒரு மூலை.
கோத்தகிரி ஈரத்தில் கண்டன்சர்கள் உப்பியிருந்தன.
ஒரு வால்வுக்காகக் குன்னூர், அப்புறம் கோயம்புத்தூர்,
கடைசியில் உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடை.
டயல் கயிறு அறுந்துபோயிருக்க
தூண்டில் நரம்பை வாங்கிக் கட்டினேன்.
கண்ணாடியில் கொழும்பு, ரங்கூன், டெல்லி.
நாங்கள் இருக்கும் ஊர் அதில் இல்லை.

கரண்ட் கொடுத்ததும்
தூசி கருகும் வாடை. பிறகு இரைச்சல்,
முள் போகும் இடமெல்லாம் கூடவே.
"எங்க பல்பாலயா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பூங்காவனம்.
அணைத்தாள். போகவில்லை.
அடுத்த வீடு. அதற்கும் அடுத்தது.
பன்னிரண்டு காம்பராவும் இருட்டாகி
போர்வையைச் சுற்றிக்கொண்டு எல்லாரும் என் வாசலில்.
கடைசியில் பார்த்தால்
என் மேசையில், என் செல்போன் சார்ஜர்.

பிடுங்கினேன்.
ஒரு பெண் குரல்
அவசரமே இல்லாமல் வாசித்தது:
மன்னார் கடற்பரப்பு கொந்தளிப்பாக இருக்கும்,
மீனவர்கள் இன்றிரவு
கடலுக்குச் செல்ல வேண்டாம்.

ஆறாயிரம் அடி உயரத்தில்
கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை.

பசுவை ஜெயித்த பெரியண்ணன்,
ஏழு வயதில் அந்தக் கடலை
வாந்தியெடுத்தபடியே தாண்டி வந்தவர்,
பனியில் மூக்கைச் சிந்திவிட்டு
"சரி, போகல" என்றார்.