இரண்டு ஐந்து மணி

அட்டை போனதில் பேரும் போன
பேர்போன கதை அது.
மோல்மீன் முழுதுக்கும் ஒரே பிரதி.
தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிய வருடம்
பர்மியச் செய்தித்தாளைச் சட்டையாய்ப் போட்டுக்கொண்டு
வீடு வீடாய்ப் போய் வந்தது.
ஒரு வீட்டில் மஞ்சள் கறை,
ஒரு வீட்டில் மெழுகுவத்திச் சொட்டு.
காதர் மொய்தீன் கடையில் எவரோ
நாற்பதாம் பக்கத்து ஓரத்தில்
கணக்கே எழுதிவிட்டார்:
உளுந்து, இரண்டே கால் வீசை.

என்னிடம் மூன்று இரவு தங்கியது.
எனக்குப் பத்தொன்பது.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்திருந்த காலம்.
ஆவுடையப்பன் அரிசி மில்லில் எடை எழுதுகிறவன்.
மா ஏ மியாவுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை.
உப்புக்கு வரிசை, சாக்குத்துணியில் லுங்கி,
நம்பரே இல்லாத நோட்டில் சம்பளம்.
தண்டவாளம் போட ஆள் பிடிக்கிற லாரி
தன்பியூசயாட் பக்கம் நிறைந்து போகும்,
காலியாய்த் திரும்பும்.
"ஐந்து மணிக்குப் படகுத்துறை.
மர்தபான் போய்விட்டால் பிழைத்தோம்" என்கிறான்.

ஊரில் அப்போது இரண்டு ஐந்து மணி.
டோக்கியோவின் ஐந்து வந்து போய்
இரண்டரை மணி நேரம் கழித்துத்தான்
நம்முடைய ஐந்து வரும்.
அவன் அந்த ஐந்துக்கு நின்றான்.
அவள் இந்த ஐந்துக்கு வந்தாள்.
படகு இல்லை.
படியில் அவன் குடை மட்டும்.

தலையணை உறையைத் துவைக்க வேண்டியதாயிற்று எனக்கு.
கடிகாரம் செய்தவனையெல்லாம் திட்டினேன்.

அடுத்த மழைக்கு முன்னால்
இருதயராஜ் கப்பலேறினான்.
புத்தகம் அவன் டிரங்குப் பெட்டியில் போயிற்று.
ஐம்பது வருடம் கழித்துத்
திருச்சியிலிருந்து பார்சல்.
அவன் மகள் எழுதியிருக்கிறாள்:
அப்பாவின் பெட்டியில் இருந்தது,
உள்ளே உங்கள் பேர்.

நேற்று ஏழாம் அத்தியாயம் வந்தது.
அன்று எச்சில் தொட்டு
இரண்டிரண்டாய்ப் புரட்டிய பக்கங்கள்.
அதில் காதல் கிடையாது,
அவள் வேலை நேரம் மட்டும்.
மணி கேட்டு அழைக்கிற ஒவ்வொருவனுக்கும்
டோக்கியோ மணி இன்னது, பழைய மணி இன்னது என்று
நாளைக்கு இருநூறு தடவை சொல்கிறாள்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்
இரண்டும் தப்பாது.

அவளுக்கா மணி குழம்பும்?

துறைக்கு அவள் மூட்டை எடுத்து வரவும் இல்லை.
கைவீசிக்கொண்டு வந்தாள் என்று
அச்சில் கிடக்கிறது, பச்சையாக.
என் கண்ணீர் விழுந்து தாள் புடைத்த இடம்
அதற்கு அடுத்த வரி.

ஏன் என்று எழுதியவர் சொல்லவில்லை.
கேட்டால் நானும் சொல்லமாட்டேன்.

ரங்கூன் ரயிலைப் பிடிக்க
விடிகாலை ஆறு மணிப் படகு.
சேர்ந்தே போவதாகப் பேச்சு.
ஆறுக்கு நான் விழித்துத்தான் இருந்தேன்.
அரிசி களைந்து, இரண்டாம் தண்ணீரும் மாற்றினேன்.
படகின் சங்கு இரண்டு தடவை ஊதியது.
நன்றாகவே கேட்டது.

பிறகு அவனுக்குக் கடிதம் போட்டேன்:
ஆறு என்று நீ சொன்னது
ஏழு என்று என் காதில் விழுந்துவிட்டது.
எங்கிருந்து எடுத்த பொய் என்று
எனக்கே அப்போது தெரியவில்லை.
பதில் வந்தது:
பரவாயில்லை, யாருக்கும் நேர்வதுதான்.

ஏழாம் அத்தியாயத்தில்,
"இரண்டும் தப்பாது" என்ற சொற்களுக்கு அடியில்
ஒரு பென்சில் கோடு.
நான் போட்டதல்ல.
நான் போட்டால் தாள் கிழியும்.
இது தொட்டும் தொடாமலும் போகிறது,
தூங்குகிறவளுக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி.

எப்போது போட்டானோ.
கிழவனான பிறகு என்றால் சரி.
கப்பலிலேயே என்றால்?

பாலம் கட்டியபின் படகும் இல்லை, சங்கும் இல்லை.
சால்வீன் மேல் மழை மட்டும் பழைய மழை.
அந்தப் பதில் கடிதம் அரிசி டின்னுக்குப் பின்னால் எங்கோ.
எடுத்துப் படிக்க வேண்டும்,
இந்தத் தடவை
இரண்டிரண்டாய்ப் புரட்டாமல்.