அசைக்கக் கூடாத ஒரு மணி நேரம்

சோஹாரில் ஆகஸ்டு. விடியற்காலை மூன்று மணிக்கும்
ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கிறது.
நேற்று டயாலிசிஸ் வார்டில் நான்கு பேருக்கு நடுக்கம்.
போர்வை போதாமல் ரொவேனா
தன் ஸ்வெட்டரையும் கழற்றிப் போர்த்தினாளாம்.
கல்ச்சர் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

முளைக்காது.
நான் தேடுவது செத்த கிருமியின் உடைந்த தோலை.
கொதிக்க வைத்தாலும் போகாது அது.
இந்தக் கண்ணாடிக் குழாய்களை
இருநூற்றைம்பது டிகிரியில் அரை மணி சுட்டெடுத்தேன்.
ரொட்டியாயிருந்தால் கரி.

ஏதோ கடலின் குதிரைலாட நண்டு
நீல ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனதாம்.
போய்ப் பிழைத்ததா என்பதற்கு
புட்டியின் லேபிளில் இடமில்லை.
நூறு மைக்ரோலிட்டர் அது,
நூறு மைக்ரோலிட்டர் வார்டுத் தண்ணீர்.
முப்பத்தேழு டிகிரி:
காய்ச்சல் இல்லாத உடம்பின் சூடு.

இனி ஒரு மணி நேரம் அசைக்கக் கூடாது.
உறையத் தொடங்கியது உடைந்தால்
தண்ணீர் நல்லதென்று பொய் சொல்லிவிடும்.
மேசையிலிருந்த செல்போனை மடிக்கு மாற்றினேன்.
மடியில் மூன்று முறை அதிர்ந்தது.
ஹமூத்: ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள்,
ஏதாவது சொல்.
துறைமுகச் சாலையில் லாரி போகும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்,
லாரி அதற்குக் கட்டுப்படும் என்பதுபோல.

அறுபது.
ஒவ்வொன்றாய்த் தலைகீழாகக் கவிழ்க்கிறேன்.
தொட்டி, வழிந்தது.
வடிகட்டிக்குப் பின், வழிந்தது.
முதல் நாற்காலியிலிருந்து எட்டு வரை
கண்ணாடியில் ஓடி இறங்கியது, வெறும் தண்ணீராக.
பத்து
விழவில்லை.
குழாயின் அடியிலேயே தொங்கியது,
நகம்போல் தெளிவாக.
பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

ஒன்பது எங்கே?
அங்கே யாருமில்லை, மாதிரி எடுக்கவில்லை என்கிறாள் ரொவேனா.
மத்தி உலர்த்தி விற்ற சலீம் அல் மக்பாலி
மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்.
மெஷினைக் கழற்றினார்கள்.
நாற்காலியைத் துணி போட்டு மூடினார்கள்.
சுவருக்குள் முக்கால் முழக் குழாயை
மறந்துவிட்டார்கள்.
ஐந்து மாதமாக அதில் நின்ற தண்ணீர்
எங்கும் போக இல்லாமல்
அடுத்தவரின் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக.

"உறுதியாகத் தெரியுமா? மறுபடி பார்க்கலாமே?"
பார்க்கலாம், இன்னொரு மணி நேரம்.
சுத்த நீர் வழிந்தது, ஹமூத்.
வேண்டுமென்றே நஞ்சு கலந்தது நின்றது.
நடுவில் நான் பொய் சொல்ல இடமில்லை.
வரிசையை நிறுத்துங்கள்.
வந்தவர்களை ஸஹம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.
பஸ் கிளம்பிவிட்டதென்றால் டிரைவரைக் கூப்பிடுங்கள்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன்.
பத்தாம் எண்ணை இடது கையில்
இன்னும் தலைகீழாகவே பிடித்திருக்கிறேன்.
விரல் நடுங்குகிறது.
அது விழவில்லை.